மறுபடியும் புதைக்காதீர்கள்!

கீழடி அறிக்கை எங்கே என்ற கேள்வி, தேநீர்க் கடை முதல் நாடாளுமன்றம் வரை கேட்கப்பட்டுவிட்டது. அங்கே முதல் இரண்டு கட்ட அகழ்வாராய்ச்சியை நடத்திய மத்தியத் தொல்லியல் துறை அதிகாரி அமர்நாத் இராமகிருஷ்ணா, 982 பக்கத்தில் அறிக்கை எழுதி 2023 சனவரியில் கொடுத்தார். இரண்டாண்டு கழிந்தும் அது அச்சேறவில்லை. 2025 மே மாதத்தில், திருத்தி எழுதிக் கொடு என்று அவரிடமே அதைத் திருப்பி அனுப்பினார்கள். எழுதியது சரியே என்று அவர் பதில் கொடுத்தார். நாடே அறிந்த செய்தி இது.

இந்த வழக்கில் நியாயம் எந்தப் பக்கம் என்பதை நம் தோழர்களுக்கு நாம் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அறிக்கை வெளிவர வேண்டும். வந்தே தீர வேண்டும். இன்று நாம் கேட்க விரும்புவது அதற்கு அடுத்த கேள்வி.

அந்த 982 பக்கமும் நாளைக் காலையே அச்சாகி வந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். கோவை ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வரும் தோழர் அதைப் படிப்பாரா? தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் தோழர் படிப்பாரா? ஏன், கீழடியிலேயே வெயிலில் நின்று அந்த மண்ணைக் கூடை கூடையாக வாரிக் கொட்டினாரே ஒரு தாய், அவர் படிப்பாரா? முடியாது. அது ஆங்கிலத்தில் எழுதப்படுவது. நிபுணர் நிபுணருக்கு எழுதுவது. குழியின் அளவு, மண்ணின் நிறம், ஓட்டின் கனம் என்று பக்கம் பக்கமாகப் பட்டியல் போடுவது.

அது தவறென்று நாம் சொல்லவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு இருக்கிறது. அதைத் தணிக்கையாளர் பார்க்க வேண்டும். வரிக்கு வரி, காசுக்குக் காசு இருக்கத்தான் வேண்டும். ஆனால் பேரேட்டை எழுதிப் பெட்டியில் பூட்டிவிட்டு, "கணக்குச் சரியாக இருக்கிறது, போய் வாருங்கள்" என்று எந்தச் செயலாளராவது உறுப்பினர்களிடம் சொல்ல முடியுமா? பொதுக்குழுவைக் கூட்டி, வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, இருப்பு இவ்வளவு என்று எல்லோருக்கும் விளங்கும்படி படித்துக் காட்ட வேண்டாமா? புதைபொருள் ஆராய்ச்சி நடப்பது மக்கள் பணத்தில். தோண்டுவது மக்களின் கை. கிடைப்பது மக்களின் முன்னோர் விட்டுச் சென்ற சொத்து. அதன் கணக்கை மக்களுக்கு விளங்கும் தமிழில் படித்துக் காட்டுவது யார் பொறுப்பு? அதுதான் நம் கேள்வி.

சொல்லாமல் விட்டால் என்ன கேடு வந்துவிடும் என்று சிலர் நினைக்கலாம். வந்த கேட்டைச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே, வெள்ளைக்காரன் லாகூருக்கும் மூல்தானுக்கும் இடையே இரயில் பாதை போட்டான். பாதைக்கு அடியில் கொட்டச் சல்லி வேண்டும். பக்கத்தில் அரப்பா என்ற ஊரில் பெரிய மேடு. மேட்டைத் தொட்டால் சுட்ட செங்கல். ஒப்பந்தக்காரர்களுக்குக் கொண்டாட்டம்! கூலியாட்கள் செங்கல்லைப் பெயர்த்துப் பெயர்த்துச் சுமந்தார்கள். ஏறத்தாழ நூறு மைல் பாதைக்கு அந்தச் செங்கல்லே அடித்தளமாயிற்று. நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய நகரம் ஒன்று தண்டவாளத்தின் கீழே சல்லியாகப் போயிற்று. சுமந்தவன் குற்றவாளியா? அவனுக்கு யார் சொன்னார்கள்? சொல்லுவதற்கு அன்று படித்தவனுக்கும் தெரியாது. தொல்லியல் துறையின் முதல் தலைவரான கன்னிங்காம், அரப்பாவில் கிடைத்த முத்திரை ஒன்றை 1875 இல் அச்சிட்டார். ஆனால் அது வெளிநாட்டுச் சரக்கு என்று எண்ணி விட்டுவிட்டார். பண்டிதருக்கும் தெரியவில்லை, பாட்டாளிக்கும் தெரியவில்லை. நகரம் போயிற்று.

சொன்னதனால் விளைந்த நன்மையும் அதே அரப்பாவின் கதையில் இருக்கிறது. 1921 இல் தயாராம் சாஹனி அரப்பாவில் தோண்டினார். 1922 இல் இராக்கல்தாஸ் பானர்ஜி மொகஞ்சதாரோவில் தோண்டினார். இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி முத்திரைகள் வந்தன. எழுத்து தெரிகிறது, படிக்கத் தெரியவில்லை. காலமும் தெரியவில்லை. துறையின் தலைவராக இருந்த ஜான் மார்ஷல் என்ன செய்தார்? நிபுணர்கள் மட்டும் படிக்கும் ஏட்டைத் தேடிப் போகவில்லை. இலண்டனில் பொதுமக்கள் வாங்கிப் படிக்கும் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் என்ற படப் பத்திரிகையில், 1924 செப்டம்பர் 20 ஆம் நாள், படங்களோடு கட்டுரை எழுதினார். அடுத்த வாரமே அதே பத்திரிகைக்குச் சேய்ஸ் என்ற பேராசிரியர் எழுதினார்: இந்த முத்திரையைப் போலவே பாரசீக நாட்டுச் சூசாவில் கிடைத்திருக்கிறது என்று. அதற்கும் அடுத்த வாரம், பிரிட்டிஷ் மியூசியத்து அறிஞர் இருவர் சுமேரியப் பொருள்களோடு ஒப்பிட்டு எழுதினார்கள். இரண்டே வாரத்தில் சிந்துவெளியின் வயது பல நூற்றாண்டு பின்னுக்குப் போயிற்று! மார்ஷலின் முழு அறிக்கை மூன்று தொகுதியாக வெளிவந்தது 1931 இல்தான். அதுவரை பொறுத்திருப்போம் என்று அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால், ஏழாண்டு வீணாகியிருக்கும்.

ஆனால் அதே மொகஞ்சதாரோவைக் கண்டெடுத்த பானர்ஜியின் கதி என்ன? அவர் எழுதிய அறிக்கை அவர் உயிரோடிருந்த வரை அச்சாகவில்லை. 1930 இல் அவர் மறைந்தார். அவர் எழுதியது நூலாக வெளிவந்தது 1984 இல்! நம் நாட்டில் அறிக்கைகள் உறங்குவது இன்று நேற்று வந்த நோயல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆதிச்சநல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1876 இல் ஜாகோர் என்ற செர்மானியர் வந்து தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டு போனார். அடுத்து வெள்ளைக்கார அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். நாம் விடுதலை பெற்ற பிறகு 2004, 2005 ஆம் ஆண்டுகளில் மத்தியத் துறை மறுபடியும் தோண்டியது. அந்த அறிக்கைக்குப் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்து, வழக்கு மன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. மண்ணிலிருந்து எடுத்ததைக் கோப்பில் புதைப்பதென்றால், தோண்டியதன் பயன் யாது?

சொல்லாமல் விடுவது ஒரு குற்றம். சொல்ல வேண்டியவனை விட்டுவிட்டு, பணம் கொடுத்தவனுக்குச் சொல்லுவது இன்னொரு குற்றம். அது நடந்தது எகிப்தில். 1922 நவம்பர் 4 ஆம் நாள், தூத்தன்காமுன் என்ற அரசனின் கல்லறைக்குப் போகும் முதல் படியைக் கண்டவர்கள் எகிப்தியக் கூலியாட்கள். புகழ் ஹோவர்ட் கார்ட்டருக்கு வந்தது, போகட்டும். அவருக்குப் பணம் கொடுத்த கார்னார்வன் பிரபு, கல்லறைச் செய்தியை முந்தி வெளியிடும் உரிமையை 1923 சனவரியில் இலண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு 5,000 பவுனுக்கு விற்றார். தன் நாட்டு மண்ணில், தன் நாட்டு அரசன் கல்லறையில், தன் நாட்டுத் தொழிலாளி தோண்டி எடுத்த பொருளைப் பற்றி, எகிப்தியப் பத்திரிகைக்காரன் இலண்டன் பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று! எகிப்து கொதித்ததில் வியப்பென்ன?

"அதெல்லாம் சரி. பாமரனுக்கு இந்த ஆராய்ச்சி புரியுமா? ஆர்வம் இருக்குமா?" என்று கேட்கும் கனவான்கள் இருக்கிறார்கள். புரியவில்லை என்றால் குற்றம் யாருடையது? கேட்பவனுடையதா, சொல்லத் தெரியாதவனுடையதா?

மண்ணடுக்கு என்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள். அது என்ன மாயமா? நம் படிப்பகத்தின் மூலையில் பழைய செய்தித்தாள் கட்டு இருக்கிறது. அடியில் இருப்பது சனவரி மாதத்துத் தாள்; மேலே இருப்பது இன்றையத் தாள். நடுவிலிருந்து ஒன்றை உருவினால், அது அடியில் இருப்பதற்குப் பிந்தியது, மேலிருப்பதற்கு முந்தியது என்று சிறுவனும் சொல்லிவிடுவான். யாராவது கட்டைக் கலைத்துவிட்டால் கணக்குக் கெட்டுப் போகும். மண்ணும் அப்படித்தான். புதையல் தேடுகிறவன் ஓர் இரவில் குழி பறித்தால் ஆயிரம் ஆண்டுக் கணக்கு கலைந்து போவது அதனால்தான்.

கருப்பு சிவப்புப் பானை என்கிறார்கள். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் படாத உட்புறமும் வாயும் கருக்கும். காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். இதை நம் குயவர் வீட்டுப் பிள்ளைக்குப் பேராசிரியர் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? உறைகிணறு என்கிறார்கள். சுட்ட மண் வளையத்தை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவது. இன்று சிமெண்டு உறை இறக்கும் தொழிலாளியைக் கேட்டால், அன்று எப்படி இறக்கியிருப்பார்கள் என்று அவர் சொல்லுவார். கீழடியில் தக்களிக் குண்டுகளும் எலும்பில் செய்த கூர்முனைக் கருவிகளும் கிடைத்திருக்கின்றன. கைத்தறித் தோழர் ஒருவர் கையில் அந்தக் கருவியைக் கொடுத்துப் பாருங்கள். அதைப் பிடிக்கும் முறையை அவர் விரல் அறியும். பாமரனுக்கு அறிஞர் சொல்ல வேண்டியது இருப்பது போலவே, அறிஞருக்குப் பாட்டாளி சொல்ல வேண்டியதும் இருக்கிறது. நடுவில் மொழி என்ற சுவரை எழுப்பி வைத்தால் இரண்டு பக்கமும் நட்டம்.

காலக் கணக்கும் அப்படியே. மரம் உயிரோடிருக்கும்போது காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளுகிறது. அதில் ஒரு வகைக் கரி தானே சிதையும் தன்மை உடையது. மரம் செத்த பிறகு புதிதாகச் சேர்வதில்லை. இருப்பது மட்டும் குறைந்துகொண்டே வரும். 5,730 ஆண்டில் பாதியாகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால், செத்து எவ்வளவு காலம் என்று தெரியும். அமெரிக்க அறிஞர் லிபி 1949 இல் இந்த முறையைக் கண்டார். 1960 இல் அதற்கு நோபல் பரிசு பெற்றார். கீழடிக் கரித்துண்டுகளை அமெரிக்காவுக்கு அனுப்பி இப்படித்தான் அளந்தார்கள். 200 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது கி.மு. 205 என்றும், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது கி.மு. 580 என்றும் விடை வந்தது. ஆழம் கூடினால் வயது கூடுகிறது; செய்தித்தாள் கட்டின் கணக்கேதான்! இதில் பாமரனுக்குப் புரியாதது எது?

தொழிலாளிக்காகப் புதைபொருள் ஆராய்ச்சியை எழுதிய மேதைகள் உலகில் இருந்திருக்கிறார்கள். கார்டன் சைல்டு என்பவர் 1892 இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தார். முதலில் அங்கே தொழிற்கட்சித் தலைவர் ஒருவரிடம் செயலாளராக வேலை பார்த்தார். பிறகுதான் புதைபொருள் ஆராய்ச்சிக்கு வந்தார். வந்தவர் மன்னர்களின் பட்டியலைத் தேடவில்லை. கலப்பை எப்போது வந்தது, சக்கரம் எப்போது வந்தது, உழைத்தவனிடம் மிஞ்சிய தானியம் எப்படி இன்னொருவன் களஞ்சியத்துக்குப் போயிற்று என்று தேடினார். 1936 இல் 'மனிதன் தன்னைத் தானே ஆக்கிக்கொள்கிறான்' என்ற பொருள்படும் தலைப்பிலும், 1942 இல், போர் நடுவிலே, 'வரலாற்றில் நடந்தது என்ன' என்ற பொருள்படும் தலைப்பிலும் இரண்டு நூல்கள் எழுதினார். இரண்டாவது நூல் பெலிக்கன் மலிவுப் பதிப்பாகவே வந்தது. உலகம் மதித்த பேராசிரியர் அவர். மலிவுப் பதிப்பில் எழுதியதனால் அவர் மதிப்பு ஓர் அணுவும் குறையவில்லை. நம் தமிழிலும் மா. இராசமாணிக்கனார் சிந்துவெளி நாகரிகத்தைப் பற்றி விடுதலைக்கு முன்பே நூல் எழுதினார். வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. அந்த வழியில் நடப்பவர் குறைந்துவிட்டனர்.

இதுவரை அதிகாரிகளையும் அறிஞர்களையும் பார்த்துச் சொன்னோம். இனி நம்மைப் பார்த்து, நம் மேடைகளைப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. கசந்தாலும் தோழர்கள் பொறுத்துக் கேட்க வேண்டும்.

எளிமையாகச் சொல்லுவது வேறு; ஏற்றிச் சொல்லுவது வேறு. மார்ட்டிமர் வீலர் என்ற வெள்ளைக்கார அறிஞர் 1944 முதல் 1948 வரை இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்தார். 1945 இல் அரிக்கமேட்டைத் தோண்டி, தமிழகத்துக்கும் உரோமாபுரிக்கும் இருந்த வணிகத்தை உலகுக்குக் காட்டியவர் அவர். மக்களுக்குச் சொல்லுவதில் அவரை மிஞ்சியவர் இல்லை. 1950களில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில், ஒரு பழம்பொருளைக் கையில் வாங்கி இது என்ன என்று கண்டு சொல்லும் நிகழ்ச்சியில் தோன்றி, 1954 ஆம் ஆண்டின் தொலைக்காட்சிப் பிரமுகர் என்று பெயர் பெற்றார். அப்பேர்ப்பட்டவர் ஒரு கதையும் சொன்னார். மொகஞ்சதாரோத் தெருக்களிலும் வீடுகளிலும் கிடந்த முப்பதுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளைக் காட்டி, இது ஆரியர் படையெடுத்து வந்து நடத்திய படுகொலை, குற்றவாளி இந்திரனே என்று 1947 இல் எழுதினார். நமக்கு எவ்வளவு இனித்தது! எத்தனை மேடைகளில் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினோம்!

1964 இல் டேல்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தார். எலும்புக்கூடுகள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. ஒரே மண்ணடுக்கில் கிடந்தவை அல்ல. படையெடுத்தவன் விட்டுப்போன ஆயுதமில்லை, எரிந்த கோட்டையில்லை என்று காட்டினார். படுகொலைக் கதை விழுந்தது. விழுந்ததும் என்ன ஆயிற்று? "பார்த்தீர்களா, ஆரியர் வருகையே பொய்" என்று மற்றொரு கூட்டம் குதிக்கத் தொடங்கிற்று! அதுவும் சரியல்ல. மொழி ஆராய்ச்சி தரும் சான்று வேறு. 2019 இல் வெளியான மரபணு ஆராய்ச்சி, கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையில் புல்வெளி நாட்டு மக்கள் தெற்கே வந்து கலந்ததைக் காட்டுகிறது. வருகைக்குச் சான்று இருக்கிறது; மொகஞ்சதாரோப் படுகொலைக்குத்தான் இல்லை. உறுதியான சான்றோடு ஊகத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டினால், ஊகம் அவிழும்போது சான்றும் சேர்ந்து தெருவில் சிதறும். இதைத் தோழர்கள் மறக்கக் கூடாது.

கீழடி விஷயத்திலும் இந்த எச்சரிக்கை வேண்டும். கி.மு. 580 என்பது ஒரு கரித்துண்டின் வயது. அந்த மரம் எப்போது செத்தது என்று அது சொல்லுகிறது. பானையில் 'ஆதன்' என்று கீறியவன் எந்த ஆண்டில் கீறினான் என்று அது நேரே சொல்லாது. அந்த ஓடும் அந்தக் கரியும் ஒரே அடுக்கில் கிடந்தனவா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கி.மு. 800 முதல் 400 வரை உள்ள காலத்துக்கு இந்தக் கரிக் கணக்கு சற்று மங்கலாகவே விடை தரும் என்பதும் உலக அறிஞர் அனைவரும் அறிந்தது. சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழ்நாடு அரசின் அறிக்கை 2025 சனவரியில் வெளிவந்தது. அங்கே காலம் அளக்கப்பட்டது இரும்போடு கிடந்த கரியும் பானை ஓடும். இவ்வளவு பழைய காலம் வரும்போது, இன்னும் பல இடங்களில், இன்னும் பல முறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஓர் அறிஞர் சொன்னால், அவரைத் தமிழ்ப் பகைவர் என்று வையாதீர்கள். அவர் சோதிக்கச் சொல்லுவது நம் சொத்தின் பத்திரத்தை. பத்திரம் உறுதியாக இருந்தால் யாருக்கு என்ன பயம்? சோதனையில் தேறிய உண்மையைப் பிறகு எந்த நீதிமன்றத்திலும், எந்த நாட்டிலும் நெஞ்சு நிமிர்த்திக் காட்டலாம். கைப்பேசியில் வந்ததென்று பத்தாயிரம் ஆண்டு, இருபதாயிரம் ஆண்டு என்று மேடையில் முழங்கினால், அதைப் பிடித்துக்கொண்டு உண்மையான இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டையும் பொய்யென்று சொல்ல எதிரிக்கு நாமே வாய்ப்புக் கொடுத்தவர்களாவோம்.

இந்தத் துறையில் நல்லது ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறை கீழடியைப் பற்றித் தமிழில் படங்களோடு சிறு நூல் வெளியிட்டது. புத்தகக் காட்சிகளில் மக்கள் விரும்பி வாங்கினார்கள். 2023 மார்ச்சில் கீழடியிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. குடும்பம் குடும்பமாக மக்கள் போய்ப் பார்க்கிறார்கள். ஆர்வம் இல்லை என்று சொன்ன கனவான்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நின்று பார்க்கட்டும்! ஒரு கீழடிக்குச் செய்ததை ஒவ்வோர் ஊருக்கும் செய்ய வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

தோண்டுகிற ஒவ்வோர் இடத்துக்கும், தோண்டி முடித்த ஓராண்டுக்குள், தமிழில் ஒரு சிறு நூல் வர வேண்டும். விலை, ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு மேல் போகக் கூடாது. அதில் மூன்று பகுதி வேண்டும்: உறுதியாகத் தெரிந்தது, ஊகமாகச் சொல்லுவது, இன்னும் தெரியாதது. மூன்றையும் கலக்காமல் எழுதுகிறவரே நல்ல எழுத்தாளர். நூலின் கடைசிப் பக்கத்தில், குழியில் இறங்கி மண் வாரிய தொழிலாளர் ஒவ்வொருவர் பெயரும் அச்சாக வேண்டும். அதிகாரியின் பெயர் அட்டையில் இருக்கட்டும், ஆட்சேபம் இல்லை. ஆனால் முதலில் அந்த ஓட்டைக் கண்ட கண் யாருடையது? மண் எது, ஓடு எது என்று பிரித்துப் பார்த்து, உடையாமல் எடுத்துக் கொடுத்த கை யாருடையது? அவர் பேரன் அந்த நூலைத் திறந்து பாட்டியின் பெயரைப் படிக்கட்டும். அதற்குப் பிறகு அந்த ஊரில் அந்த மேட்டை எவன் வந்து தொட முடியும்?

இதில்தான் முழுப் பயனும் அடங்கியிருக்கிறது. புதைபொருளை முதலில் காண்பவர் பேராசிரியர் அல்லர். கிணறு வெட்டுகிறவர், கடைக்கால் தோண்டுகிறவர், மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்டுகிறவர், செங்கல் சூளைக்கு மண் வெட்டுகிறவர், கல்குவாரியில் வேட்டு வைக்கிறவர், இவர்களே முதலில் காண்கிறார்கள். கீழடியில் கிணறு வெட்டியபோது கிடைத்ததை 1970களில் மாணவர்கள் பள்ளிக்கு எடுத்து வர, ஓர் ஆசிரியர் அதன் மதிப்பை அறிந்து துறைக்குத் தெரிவித்தார். அந்த ஆசிரியருக்கு விவரம் தெரிந்திருந்தது, கீழடி பிழைத்தது. அரப்பாவில் செங்கல் சுமந்தவனுக்கு யாரும் சொல்லவில்லை, அரப்பா சல்லியாயிற்று. காவற்காரனைப் போட்டு எத்தனை மேட்டைக் காக்க முடியும்? விவரம் அறிந்த தொழிலாளியைத் தவிர வேறு வேலி இந்த மேடுகளுக்கு இல்லை.

ஆகவே தோழர்களுக்கும் நாம் வேலை வைக்கிறோம். உங்கள் படிப்பகத்தில் மாதம் ஒரு மாலை இதற்கென ஒதுக்குங்கள். கிடைக்கிற நூலை ஒருவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும், புரியாத இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கட்டும். பக்கத்துக் கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியரை அழைத்து வாருங்கள். மாலை போட வேண்டாம், கேள்வி போடுங்கள். மண் வெட்டும்போது தாழியோ, பானையோ, எழுத்துள்ள கல்லோ தென்பட்டால், அந்த இடத்திலேயே கடப்பாரையை நிறுத்தி, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தகவல் சொல்லுங்கள். மண்ணில் புதைந்து கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878 ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லுகிறது. பொருளை வீட்டுக்கு எடுத்துப் போனால் அது வெறும் ஓடு. கிடந்த இடத்தில் கிடந்தபடி காட்டினால் அது வரலாறு.

அறிஞர்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் படிப்பை நாம் மதிக்கிறோம். உங்கள் பேரேட்டை நீங்கள் விரும்பிய மொழியில் எழுதுங்கள். ஆனால் எழுதி முடித்த அன்றே எழுந்து, கணக்கைப் பொதுக்குழுவில் தமிழில் படியுங்கள். உள்ளதை உள்ளபடி படியுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். எங்கள் மக்கள் அதைத் தாங்குவார்கள். இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் பொறுமையாகக் கிடந்த பொருளை வெளியே எடுத்துவிட்டு, மறுபடியும் புதைக்காதீர்கள்!